உங்கள் பெயரிலும் ஒரு ஓ.பி. சீட்டு: வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் கேட்கும் கேள்விகள்

படுத்த படுக்கையாக இருக்கும் அப்பா, மறதி நோய் வந்த மாமியார், பக்கவாதத்தில் கை கால் விழுந்த கணவர், மனச்சிதைவு நோயுள்ள மகன். இப்படி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான பக்கம் இது. நோயாளியை எங்கே காட்டலாம் என்று சொல்ல ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். பார்த்துக்கொள்கிறவருக்கு மனசு விட்டுப்போனால் எங்கே போவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

நோய் அவருக்குத்தானே? நான் எதற்கு மனநல உதவி தேட வேண்டும்?

பெரும்பாலானவர்கள் இந்தக் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள், அதனால்தான் இதை முதலில் வைத்திருக்கிறோம்.

அரசு மருத்துவமனை ஓ.பி. வரிசையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மஞ்சப்பையில் ஸ்கேன் கவரும் பழைய சீட்டுகளும் வைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்பார். நோயாளிக்குக் காலையில் எந்த மாத்திரை, ராத்திரி எந்த மாத்திரை, எதைப் பாதியாக உடைத்துத் தர வேண்டும் என்று சீட்டைப் பார்க்காமலே சொல்வார். "உங்களுக்குக் கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது. அவர் ராத்திரி தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்கிப் பல மாதம் ஆகியிருக்கும்.

இது உடம்பையும் விட்டுவைக்காது. வயதான தம்பதிகளைப் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு 1999-இல் அமெரிக்காவில் வெளியானது. துணையைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சுமையால் மனம் நொந்திருந்தவர்கள் அடுத்த நான்கு ஆண்டுகளில் இறந்துபோகும் அபாயம், அப்படிப் பார்த்துக்கொள்ளும் நிலையில் இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது என்று அதில் கண்டார்கள். பார்த்துக்கொண்டாலும் மனம் நோகாமல் இருந்தவர்களிடம் இந்தக் கூடுதல் அபாயம் தெரியவில்லை. ஆக, பார்த்துக்கொள்வதே ஆபத்து என்று இதற்கு அர்த்தமில்லை. உதவியே இல்லாமல் நொந்துபோய்ப் பார்த்துக்கொள்வதுதான் ஆபத்து.

நோயாளியோடு போகும்போது டாக்டர் தரும் பத்து நிமிடமும் நோயாளிக்கே போய்விடும். அங்கே உங்களை 'கூட வந்தவர்' என்றுதான் பார்ப்பார்கள். உங்கள் பெயரில், உங்கள் வயதைப் போட்டு, தனியாக ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு போனால்தான் நீங்கள் நோயாளி. இந்தப் பக்கத்தில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

இது வெறும் அலுப்பா, மனச்சோர்வா? எப்படித் தெரிந்துகொள்வது?

அலுப்பு என்றால் ஒரு நாள் நன்றாகத் தூங்கினால் கொஞ்சம் குறையும். தூங்க வாய்ப்புக் கிடைத்தும் தூக்கம் வரவில்லை, பிடித்த சாப்பாடு வாயில் இறங்கவில்லை, யார் வந்து பேசினாலும் எரிச்சல், காரணமில்லாமல் அழுகை, எதிலும் ஈடுபாடு இல்லை, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் என்று இவற்றில் சில இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் இருந்தால், அதை அலுப்பு என்று விட்டுவிடக் கூடாது.

நம் ஊரில் மனச்சோர்வு பல நேரம் உடம்பு வழியாகத்தான் வெளியே வருகிறது. தலை பாரம், நெஞ்சு படபடப்பு, முதுகு வலி, வயிற்றில் எரிச்சல் என்று வரும். சரி, எல்லாம் மனசுதான் என்றும் முடிவுகட்டிவிடாதீர்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 குறைவு இவையும் ஆளை இதே மாதிரி சோர்வாக்கும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள்.

பார்த்துக்கொள்கிறவர்களின் சுமையை அளக்கவென்றே ஸாரிட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் உருவாக்கிய கேள்வித்தாள் ஒன்று உண்டு. 22 கேள்விகள், மொத்தம் 88 மதிப்பெண். 'உங்களுக்கென்று நேரமே இல்லை என்று தோன்றுகிறதா', 'அவர் பக்கத்தில் இருக்கும்போது கோபம் வருகிறதா' என்கிற மாதிரிக் கேள்விகள் அதில் இருக்கும். உளவியலாளரிடம் போகும்போது கேட்டால் வைத்துப் பார்ப்பார். கோபமும் வெட்கமும் இந்தப் பொறுப்பில் எல்லோருக்கும் வருவதுதான் என்று ஒப்புக்கொண்டு எழுதப்பட்ட கேள்விகள் அவை. சிலருக்கு அவற்றைப் படிக்கும்போதே பாதி பாரம் இறங்கிவிடும்.

முதலில் யாருக்குப் போன் செய்வது?

14416. இது 'டெலி மானஸ்' என்ற மத்திய அரசின் தொலைபேசி மனநலச் சேவை. 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அந்த எண் கிடைக்காவிட்டால் 1800-891-4416.

முதலில் எடுப்பவர் மனநல ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ அனுப்புவார். கூப்பிட்ட பலர் நோயாளியைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிடுகிறார்கள். அதனால் எடுத்த எடுப்பிலேயே இப்படிச் சொல்லுங்கள்: "எங்க வீட்டுல அம்மாவுக்கு உடம்பு முடியலை, நான்தான் பார்த்துக்கறேன். ஆனா நான் கூப்பிட்டது எனக்காக." பேச்சு உங்கள் பக்கம் திரும்பிவிடும். பாதியில் அம்மா கூப்பிட்டால் வைத்துவிட்டுப் போங்கள், தப்பில்லை. அப்புறம் மறுபடி கூப்பிடலாம். முதல் தடவை பேசியவர் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றாலும் இன்னொரு நாள் கூப்பிட்டுப் பாருங்கள்.

முதியோர் சம்பந்தமான வேறு உதவிகளுக்கு, அதாவது ஓய்வூதியச் சிக்கல், முதியோர் இல்ல விவரம், கைவிடப்பட்ட பெரியவர் போன்றவற்றுக்கு, 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றால்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும், குறிப்பிட்ட நாட்களில் சில வட்ட மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவர் பார்க்கிறார். எந்த நாள் என்று ஊருக்கு ஊர் மாறும், 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 1794-இல் தொடங்கியது, நாட்டின் மிகப் பழைய மனநல மருத்துவமனைகளில் ஒன்று. அந்தப் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்தே நம்மில் பலரைப் பயமுறுத்திவிட்டார்கள். அங்கே வெளிநோயாளியாக வந்து காட்டிவிட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம்.

தொண்டு நிறுவனங்களில் 'ஸ்கார்ஃப்' முக்கியமானது. மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கியது. மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பத்தாரை உட்காரவைத்து நோயை விளக்குவதை அவர்கள் ஆரம்பத்திலிருந்தே செய்துவருகிறார்கள். முதியோரின் மறதி நோய்க்கும் அங்கே தனிப் பிரிவு உண்டு. அல்ஸைமர் நோயாளிகளின் குடும்பங்களுக்காக 1992-இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை இருக்கிறது. ஒரே நோயைப் பார்த்துக்கொள்கிற நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதற்கு ஈடான ஆறுதல் குறைவு. உங்கள் ஊரில் அப்படி ஒரு குழு இல்லையென்றால், காத்திருப்பு வரிசையில் தினமும் பார்க்கிற ஒருவரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல குழுக்கள் இப்படித்தான் தொடங்கின.

தனியாரிடம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மாத்திரை எழுதலாம். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர், இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வெறுமனே 'கவுன்சிலர்' என்று பலகை மாட்ட நம் ஊரில் பெரிய தடை எதுவும் இல்லை. என்ன படித்தீர்கள், பதிவு எண் என்ன என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

ஒரு மணி நேரம்கூட வெளியே வர முடியவில்லை. கவுன்சிலிங் போ என்றால் எப்படிப் போவது?

நியாயமான கேள்வி. மனநல உதவி பற்றிப் பேசுகிற பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ராத்திரி மூன்று தடவை எழுந்து அப்பாவுக்கு டயப்பர் மாற்றுகிறவரிடம் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வதில் என்ன பிரயோஜனம்? அவருக்கு முதலில் வேண்டியது தூக்கம். அந்தத் தூக்கத்துக்கு இன்னொரு ஆள் வேண்டும்.

ஆள் எங்கிருந்து வரும்? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், 2021 ஆகஸ்டிலிருந்து, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டிலேயே தருவதும் அந்தத் திட்டத்தில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துப் பதிந்துகொள்ளுங்கள். படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்டவும், நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கவும் செவிலியரிடம் ஒரு முறை நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டால் உங்கள் இடுப்பும் தப்பும்.

அடுத்தது உறவு. "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று எல்லோரும் சொல்வார்கள். 'சரிங்க' என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். "ஞாயித்துக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் அப்பாகூட இருக்கியா?" என்று நாளையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பி வர முடியாது என்றால், மாதத்தில் பத்து ராத்திரிக்கு ஹோம் நர்ஸ் வைக்கும் செலவை அவர் ஏற்றுக்கொள்ளட்டும். 'பெத்தவங்களைப் பார்க்கக் கணக்கா' என்று ஒருவர் கேட்பார். கணக்குப் பார்க்காத வீடுகளில் எல்லாச் சுமையும் ஒரு மகள் தலையிலோ ஒரு மருமகள் தலையிலோதான் விழுந்திருக்கிறது.

அப்புறம், அந்த மூன்று மணி நேரத்தில் ரேஷன் கடைக்கும் பேங்க்குக்கும் போகாதீர்கள். முதல் சில வாரம் தூங்குங்கள்.

மாத்திரை கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

எல்லோருக்கும் மாத்திரை தருவதில்லை. லேசான நிலையில் பேச்சு வழிச் சிகிச்சையே போதும். மனச்சோர்வு கடுமையாக இருந்தால் தருவார்கள். அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாலு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள், தேறியதும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மனச்சோர்வு மாத்திரைகளுக்கு யாரும் அடிமையாவதில்லை.

அடிமையாக்குவது வேறு ஒன்று. நோயாளிக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துத் தான் போட்டுக்கொள்வது பல வீடுகளில் நடக்கிறது. ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி என்று ஆரம்பித்து அது இல்லாமல் கண் மூடாது என்ற நிலைக்கு வந்துவிடும். அப்படி எடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மெதுவாகக் குறைத்து நிறுத்த வழி இருக்கிறது.

மறதி நோய் வந்த மாமியார், என்னைத் திருடி என்கிறார். எல்லாம் செய்தும் இந்தப் பேச்சு. தாங்க முடியவில்லை.

வளையலைத் தலையணை உறைக்குள் அவரே வைத்துவிட்டு, "இவதான் எடுத்துட்டா" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். இது டிமென்ஷியாவில் அடிக்கடி வரும் அறிகுறி. வைத்த இடம் நினைவில்லை, பொருளைக் காணோம். அந்த இடைவெளியை மூளை ஒரு கதையால் நிரப்புகிறது. எப்போதும் கண்முன்னே இருப்பவர் மேல்தான் பழி விழும், அதனால் அதிகம் உழைக்கிறவரே அதிகம் திட்டு வாங்குகிறார்.

'நான் எடுக்கலை' என்று வாதாடுவதால் பயனில்லை. "அய்யோ, காணோமா அத்தை? வாங்க, சேர்ந்து தேடுவோம்" என்று கூடத் தேடுங்கள். கிடைத்ததும் "அப்பவே சொன்னேனே" என்று சொல்லாமல் கையில் போட்டுவிடுங்கள். அவர் வழக்கமாக ஒளித்துவைக்கும் இரண்டு மூன்று இடங்கள் சீக்கிரமே உங்களுக்குப் பிடிபட்டுவிடும். சாயங்காலம் இருட்டும் நேரத்தில் இந்தக் குழப்பம் கூடும். முன்கூட்டியே விளக்கைப் போட்டு வையுங்கள்.

இதில் உங்களுக்கு வலிப்பது அவர் சொன்னது மட்டுமா? அதை நாத்தனாரோ பக்கத்து வீட்டாரோ நம்பிவிடுவதுதான் கூடுதலாக வலிக்கும். அதனால் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கணவரையும் நாத்தனாரையும் கூட அழைத்துப் போய், இது நோயின் அறிகுறி என்று டாக்டர் வாயாலேயே சொல்லவையுங்கள். நீங்கள் நூறு முறை சொன்னாலும் எடுபடாதது அவர் ஒரு முறை சொன்னால் எடுபடும்.

'இவர் போய்ச் சேர்ந்தால் தேவலை' என்று சில நாள் தோன்றுகிறது. நான் அவ்வளவு கெட்டவளா?

இல்லை. நீண்ட நாள் பார்த்துக்கொண்ட பலருக்கு இது தோன்றியிருக்கிறது, சொல்லத்தான் மாட்டார்கள். அவர் படும் பாடு முடிய வேண்டும் என்பதும், உங்கள் பாடு முடிய வேண்டும் என்பதும் சேர்ந்து வரும் எண்ணம் அது. அன்பு இருக்கும்போதே இதுவும் வரும். ஆலோசகரிடம் இதை அப்படியே சொல்லலாம், அவர் கேட்டு அதிர மாட்டார்.

கோபத்தில் கையை நீட்டிவிட்டேன்.

நோயாளி பாதுகாப்பாக இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு அந்த அறையை விட்டு வெளியே வாருங்கள். மொட்டை மாடியோ வாசலோ, ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். அடி, தள்ளல், வேண்டுமென்றே சாப்பாடு தராமல் விடுவது இவை நோயாளிக்கு ஆபத்து, லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. உங்களால் இனி தனியாகத் தாங்க முடியாது என்பதற்கும் இதுவே அடையாளம். சில வாரங்களுக்காவது பொறுப்பை வேறு ஒருவர் எடுக்கவோ, நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் வைக்கவோ வேண்டிய நேரம் இது. இல்லத்தில் சேர்த்தால் ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதீர்கள்.

சாகலாம் போல இருக்கிறது. சில நேரம் இரண்டு பேரும் சேர்ந்தே போய்விடலாம் என்றும் தோன்றுகிறது.

இப்போதே 14416-க்குக் கூப்பிடுங்கள். சென்னையில் 1986-இலிருந்து இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. எதையாவது செய்துகொள்ளும் தறுவாயில் இருந்தால் 108, அல்லது பக்கத்து மருத்துவமனை அவசரப் பிரிவு. தனியாக இருக்காதீர்கள். பக்கத்து வீட்டாரை எழுப்பி "கொஞ்ச நேரம் என்கூட இருங்க" என்று கேளுங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகள், பூச்சிமருந்து எல்லாவற்றையும் வேறொருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது.

மனநல டாக்டரிடம் போனது தெரிந்தால் மகள் கல்யாணம் என்ன ஆகும்?

அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவு உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. சொந்த ஊரில் தெரிந்த முகங்கள் அதிகம் என்றால் பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது போனிலேயே ஆரம்பியுங்கள்.

வீட்டில் நோய் என்றால் குடிதான். எனக்கும் உதவி உண்டா?

உண்டு. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே 'அல்-அனான்' என்ற குழுக்கள் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. அவர் குடியை நிறுத்தச் சம்மதிக்காவிட்டாலும் நீங்கள் மட்டும் போகலாம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையில் சிகிச்சையோடு குடும்பத்தாருக்கும் தனி நிகழ்ச்சி உண்டு.

எங்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பார்கள்? ராத்திரி தூங்கவே முடியவில்லை.

அறுபது வயதைத் தாண்டிய பெற்றோருக்கு இதைவிடப் பெரிய கவலை இல்லை. ஆறுதல் வார்த்தையால் இது தீராது. காகித வேலையைத் தொடங்கினால் கொஞ்சம் தீரும். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பல குறைபாடுகள் உள்ளவர்களுக்கு 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், 18 வயதுக்குப் பிறகு சட்டப் பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். மனச்சிதைவு அந்தச் சட்டத்தில் வராது. அதற்கு 2017 சட்டத்தில், சிகிச்சை முடிவுகளில் துணைநிற்கும் நியமனப் பிரதிநிதியை நோயாளியே குறிப்பிட்டு வைக்க வழி உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை வாங்குங்கள். கடுமையான பாதிப்புள்ளவர்களுக்கு மாநில அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை பற்றியும் அங்கேயே கேளுங்கள். குடும்பத்தில் இளையவர் ஒருவரை இப்போதிருந்தே டாக்டரிடம் கூட அழைத்துப் போங்கள். மாத்திரைப் பெயரும் டாக்டர் முகமும் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

சென்னையில் 1993-இல் தொடங்கிய 'பேன்யன்' என்ற தொண்டு நிறுவனம், நீண்ட நாள் மனநோய் உள்ளவர்களை நாலைந்து பேராக ஊருக்குள் சாதாரண வீடுகளில் குடிவைத்து, உதவியாளரோடு வாழவைக்கிறது. ஒரு நாள் போய்ப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க ஆஸ்பத்திரி வார்டுதான் என்ற பயம் அங்கே போனால் குறையும்.

நான் ஆண். மனைவிக்குப் பக்கவாதம். யாரிடமும் பேசத் தோன்றவில்லை.

சமையலும் குளிப்பாட்டுவதும் திடீரென்று உங்கள் தலையில் விழுந்திருக்கும், வேலையும் போயிருக்கலாம். டீக்கடையில் இதைப் பேச முடியாது. 14416-இல் பேசலாம். குடியில் இறங்கியிருந்தால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அவர் இறந்து மாதங்கள் ஆகின்றன. இன்னமும் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. இப்போது உதவி கேட்கலாமா?

தாராளமாக. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு உறவெல்லாம் கிளம்பிப் போய்விடும், அப்போதுதான் பலருக்கு உண்மையான தளர்ச்சி ஆரம்பிக்கிறது. பழகிய உடம்பு அதே நேரத்தில் எழுந்துகொண்டே இருக்கும், சில மாதத்தில் குறையும். குறையாவிட்டால், அல்லது 'இன்னும் நல்லா பார்த்திருக்கலாமோ' என்ற எண்ணமே நாள் முழுக்க ஓடினால், போய்க் காட்டுங்கள். தள்ளிப்போட்ட பல் வலி, கண் பரிசோதனை, மார்பகப் பரிசோதனை எல்லாவற்றையும் இப்போது முடியுங்கள்.

நாங்கள் தமிழ்நாட்டில் இல்லையே?

14416 இந்தியா முழுக்க வேலை செய்யும், பெங்களூரிலோ மும்பையிலோ இருந்தாலும் மொழித் தேர்வில் தமிழைக் கேளுங்கள். இலங்கையில் இருப்பவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணைக் கூப்பிடலாம்.